ஜிஆர்86-க்குக் கோடை டயர் செட்: 17-ல் 245-ஆ, 18-ல் 225-ஆ? மாட்டும்போது என்னென்ன பார்க்கணும்?

வளைவுப்பாதை:

வணக்கம் நண்பர்களே. கார் டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர். சஸ்பென்ஷனில் கை வைக்கவில்லை. கம்பெனி டயர் 215/40 ஆர்18 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்), ரிம் 18×7.5, ஆஃப்செட் ஈடி 48 (வீல் ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 48 மி.மீ. வெளிப்பக்கம்), பிசிடி 5×100 (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து நட்), நடு ஓட்டை 56.1 மி.மீ. இந்த வீல்களைக் குளிர்கால டயருக்கு ஒதுக்கிவிட்டுக் கோடைக்குத் தனி செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். பெரும்பாலும் தினசரி ஓட்டம், கொஞ்சம் மலைப்பாதை, எப்போதாவது ட்ராக்.

கைவசம் இரண்டு யோசனை:

அ) 18×8, ஈடி 45, டயர் 225/40 ஆர்18
ஆ) 17×9, ஈடி 45, டயர் 245/40 ஆர்17

எது இந்த வண்டிக்குச் சரி? ஃபெண்டரில் உரசுமா? ட்ரெட்வேர் (தேய்மானத் தரம்) 200 டயர் எடுக்கலாமா, 300 போதுமா? டயரை ரிம்மில் ஏற்றுவதைக் கடையில் கொடுத்துவிடுவேன். வீலை வண்டியில் நானே மாட்டப் போகிறேன். டார்க் (நட்டை இறுக்கும் முறுக்குவிசை) எவ்வளவு, கிரீஸ் போடலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஈடி_நாற்பத்தைந்து:

வீல் வாங்கும் முன் பேப்பரில் கணக்குப் போட்டுவிடுங்கள் நண்பரே. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் ரிம். 7.5 அங்குலத்திலிருந்து 9-க்குப் போனால் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடுகிறது. அது இரு பக்கமும் சரிபாதியாக, பக்கத்துக்கு 19 மி.மீ. பரவும். ஈடி 48-லிருந்து 45-க்கு இறங்குவதால் மொத்த வீலும் 3 மி.மீ. வெளியே தள்ளும். ஆக வெளி விளிம்பு 22 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 16 மி.மீ. ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கம் போகும். உங்கள் 'அ' கணக்கில் இதே எண்கள் வெளியே 9.5, உள்ளே 3.5 மி.மீ. வாக்கில்தான்.

ஆனால் உரசுவது பெரும்பாலும் ரிம் இல்லை, டயரின் வயிறு. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் வயிறும் சுமார் 5 மி.மீ. விரியும். 9 அங்குல ரிம்மில் 245 டயர் அளந்தால் 250 மி.மீ.-ஐத் தாண்டும். பக்கச்சுவரில் 245 என்று அச்சடித்திருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு, பிறகு உரசுகிறதே என்று கேட்பவர்கள்தான் அதிகம். போதாததற்கு ஒரே அளவு என்று எழுதிய இரண்டு கம்பெனி டயர்கள் ஒன்றுக்கொன்று 5 மி.மீ. முன்பின் இருப்பதும் சகஜம்.

விட்டம் பார்ப்போம். 215/40 ஆர்18 என்றால் 629 மி.மீ. 245/40 ஆர்17 என்றால் 628. கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் அசையாது. 225/40 ஆர்18 என்றால் 637. இது 1.3 சதவீதம் பெரிது, மீட்டர் 100 காட்டும்போது முன்பிருந்ததைவிட 1.3 கி.மீ. வேகமாகப் போவீர்கள். பெரிய விஷயம் இல்லை, ஆனால் கியர் ஒரு பொட்டு நீளும். யாராவது 235/40 ஆர்18 சொன்னால் 645 மி.மீ. ஆகிவிடும், அதை விட்டுவிடுங்கள்.

பக்கச்சுவர் உயரம் கம்பெனி டயரில் 86 மி.மீ., 'அ'-வில் 90, 'ஆ'-வில் 98. குண்டும் குழியுமான சாலையில் ரிம் உதடு நசுங்காமல் இருக்க அந்த 98 பெரிய உபகாரம். தவிர 17 அங்குலத்தில் எடையும் குறையும். ட்ராக் போகிறவர் என்றால் என் ஓட்டு 'ஆ'-வுக்கு.

ஒரு நிபந்தனை உண்டு. முன் வீலில் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீலின் சாய்வு) கம்பெனி அளவிலேயே கிட்டத்தட்ட நேராக இருந்தால், 22 மி.மீ. வெளியே வந்த டயர் ஸ்டியரிங் முழுதாக ஒடித்துப் பள்ளத்தில் இறங்கும்போது ஃபெண்டர் லைனரைத் தொடலாம். கேம்பர் போல்ட் போட்டு முன்னால் 1.5 டிகிரிக்கு மேல் நெகட்டிவ் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாய) வைத்தால் அதுவும் தீரும், வளைவில் டயரின் வெளித்தோள் தேய்வதும் குறையும். சஸ்பென்ஷனைத் தொடவே மாட்டேன் என்றால் 'அ'-வோடு நின்றுவிடுங்கள்.

---

மழைக்காலன்:

மேலே உள்ளவர் சொன்ன கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. தினசரி ஓட்டம் என்கிறார், அதில் மழையும் வரும். அகலமான டயர் தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதக்கும். இந்த எடைக்கு 245 கொஞ்சம் மிகை. 225-இல் நல்ல கோடை டயர் போட்டால் ஈரச் சாலையில் நிம்மதி.

ட்ரெட்வேர் எண்ணைப் பற்றி: அது அமெரிக்க விதிப்படி, 100 என்று வைத்த ஓர் ஒப்பீட்டு டயரோடு வைத்து உற்பத்தியாளரே போடும் தரம். ஒரு கம்பெனியின் 300-ஐயும் இன்னொரு கம்பெனியின் 300-ஐயும் தராசில் வைத்துப் பார்க்காதீர்கள். பிடிப்பின் அளவும் அல்ல அது. ஆனாலும் வகை பிரிக்க உதவும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி 300 வாக்கில் உள்ளவை தினசரிக்கும் எப்போதாவது ட்ராக்குக்கும் ஏற்றவை. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 மாதிரி 200-கள் சூடேறினால்தான் முழுப் பிடி கொடுக்கும். காலையில் வண்டியை எடுத்த முதல் சில கிலோமீட்டர்களுக்கு வழுக்கல் இருக்கும், டயர் முகத்தில் பள்ளங்கள் குறைவு என்பதால் தண்ணீரில் தடுமாறும், சத்தமும் உண்டு.

கோடை டயர் எதுவானாலும் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். உறைநிலைக்கு வெகு கீழே, மைனஸ் 7 வாக்கில் போய்விட்டால் ஓட்டவே வேண்டாம், அந்தக் குளிரில் டயரை நெளித்தாலே ட்ரெட் (தரையைத் தொடும் ரப்பர்) பாளம் விரிசல் விடக்கூடும். குளிர்காலத்தில் கழற்றி வைக்கும்போதும் இது பொருந்தும். வெட்டவெளிக் கொட்டகையில் போடாமல் வீட்டுக்குள் வையுங்கள், மின் மோட்டார் ஓடும் இடத்திலிருந்து தள்ளி. அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரைத் தின்னும்.

---

டார்க்_குறடு:

அளவை நீங்கள் இருவரும் முடிவு பண்ணுங்கள். வீல் கழன்று ஓடுவது அளவால் இல்லை, மாட்டுகிற விதத்தால். அதை மட்டும் சொல்கிறேன்.

நட்டின் இருக்கை, அதாவது நட் வீலில் பதியும் முகம். ஜிஆர்86-க்கு ஸ்டட் (ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டு) எம்12×1.25, அதாவது 12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி (பிட்ச்). பெரும்பாலான ஆஃப்டர்மார்க்கெட் வீல்களுக்கு 60 டிகிரி கூம்பு நட் வேண்டும். ஹோண்டா ஒரிஜினல் வீல்களில் உருண்டை இருக்கை, டொயோட்டாவின் பல பழைய அலாய்களில் தட்டை வாஷர் நட். இவற்றைக் கலந்து மாட்டினால் நட் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் பதியும். டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், இறுக்கம் இருக்காது. எம்12×1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் ஏற்றுவது இன்னொரு கொடுமை, இரண்டு சுற்று ஏறிப் பிறகு மரையைத் தின்றுவிடும். முதல் பல சுற்றுகள் விரலாலேயே ஏறணும். ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நட் ஓட்டை குறுகலான வீல்களில் கம்பெனி நட்டோ அதன் சாக்கெட்டோ உள்ளே போகாது. அதற்கென்று ஒல்லி நட்டும் மெல்லிய சுவர் சாக்கெட்டும் வாங்கிவிடுங்கள்.

எத்தனை சுற்று? நட் ஸ்டட்டில் ஏறும் ஆழம் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவாவது இருக்கட்டும். 12 மி.மீ. ஸ்டட், 1.25 பிட்ச் என்றால் கிட்டத்தட்ட 10 சுற்று. 8-க்குக் கீழே வந்தால் ஓட்டாதீர்கள். ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தகடு) போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 5 மி.மீ. ஸ்பேசர் என்றால் 4 சுற்று போச்சு. அதோடு ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்ட உதட்டையும் அது முழுங்கிவிடும். நீள ஸ்டட் மாற்றாமல் ஸ்பேசர் வேண்டாம். சரியான ஈடி உள்ள வீலை வாங்குவதுதான் முறை.

நடு ஓட்டை. புது வீலில் அது 73.1 மாதிரி பெரிதாக இருந்தால் வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 56.1 உள்ள வளையம் நான்கு வாங்குங்கள். வீலை நடுவில் உட்கார வைப்பதற்குத்தான் அது, எடையைத் தாங்குவது நட்டின் இறுக்கம். ட்ராக் போகிறவர் அலுமினியம் எடுங்கள், பிளாஸ்டிக் பிரேக் சூட்டில் இளகிவிடும். அலுமினியம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் என்ற குறை உண்டு, மாட்டும்போது துடைத்து வைத்தால் சரி.

மாட்டும் வரிசை. சமதரை, ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர் மூலையில் உள்ள வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடாதீர்கள். வீல் கழன்றதும் ஹப் முகத்தையும் வீலின் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேயுங்கள். துருச் செதில் இடையில் மாட்டினால் வீல் கோணலாக உட்காரும். சில நூறு கிலோமீட்டரில் அந்தச் செதில் நொறுங்கி, நட் தளர்ந்துவிடும்.

நட்டுகளைக் கையால் ஏற்றி, வீல் அந்தரத்தில் இருக்கும்போதே நட்சத்திர வரிசையில் சும்மா பிடிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். ஐந்து நட்டில் ஒன்றை விட்டு ஒன்று. பிறகு இறக்கி, டயர் தரையைக் கவ்வியதும் எல்லா நட்டையும் ஒரு முறை பாதி டார்க்கில், அடுத்து ஒரு முறை 120 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். க்ளிக் ஒரு தடவை போதும். உறுதிக்காக இன்னொரு க்ளிக், அப்புறம் இன்னொன்று என்று போனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டிவிடும். கடையில் நியூமேட்டிக் துப்பாக்கியால் அடித்துவிட்டுப் பின்னால் டார்க் ரெஞ்சை வைத்து க்ளிக் காட்டுவது வெறும் சடங்கு. ஏற்கெனவே 200 ஏறியிருந்தாலும் ரெஞ்ச் க்ளிக்தான் சொல்லும்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி 120 வைத்துப் பாருங்கள். புது வீலில் பெயின்ட் அமுங்கும், கண்டிப்பாகக் கொஞ்சம் திரும்பும்.

---

வளைவுப்பாதை:

மிக்க நன்றி. கேம்பர் போல்ட் போடத் தயார்தான், எனவே 17×9 பக்கம் சாய்கிறேன். மழைக்காலன் அண்ணன் சொன்னதை மனதில் வைத்து டயர் 300 வாக்கில். மூன்று சந்தேகம். ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவுவதா வேண்டாமா, ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். 17-க்குள் பிரேக் அடங்குமா? டயர் கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

---

டார்க்_குறடு:

ஸ்டட்டில் வேண்டாம். 120 என்பது உலர்ந்த மரைக்குச் சொன்ன எண். நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பங்கு உராய்வுக்கே போகிறது, மிச்சம்தான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. கிரீஸ் போட்டால் உராய்வு குறைந்து, அதே 120-இல் ஸ்டட் எவ்வளவோ அதிகம் இழுபடும். எம்12 ஸ்டட் ஒல்லி, நாளடைவில் நீண்டு ஒருநாள் முறியும். கூம்பு இருக்கையிலும் தடவாதீர்கள். ஹப்பின் நடு உதட்டில் மட்டும் மெல்லிய படலம் போதும், அடுத்த தடவை வீலைக் காலால் உதைக்க வேண்டியிருக்காது.

போர்ஷே 911 ஜிடி3-இன் ஒற்றை நட் வேறு கதை. அங்கே கம்பெனியே கிரீஸ் போடச் சொல்கிறது, டார்க் 600 நியூட்டன் மீட்டர். அதைப் பார்த்துவிட்டு ஐந்து நட் வண்டியில் பூசுகிறவர்கள் உண்டு.

---

ஈடி_நாற்பத்தைந்து:

பிரேக்: இந்த வண்டியின் அடிப்படை மாடலே 17-இல்தான் வருகிறது, எனவே விட்டத்தில் இடிக்காது. இடிப்பது ஸ்போக்கின் முதுகு. காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) முகத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் 3 மி.மீ.-யாவது வேண்டும். பிரெம்போ காலிப்பர் உள்ள வண்டி என்றால் வீல் தயாரிப்பாளரிடம் டெம்ப்ளேட் வாங்கி, அட்டையில் வெட்டிக் காலிப்பர் மேல் வைத்துப் பாருங்கள். பேலன்ஸ் ஈயம் ரிம்மின் உள்வட்டத்தில் ஒட்டுவார்கள், அதன் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது காலிப்பர் அதைச் சுரண்டி எறிந்துவிடும், பேலன்ஸ் போச்சு.

வீலில் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை (ஜப்பானிய வீல் தரச் சான்று) இருக்கிறதா, தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். ஆக்சிலின் உச்ச எடையில் பாதியையாவது ஒரு வீல் தாங்கணும். டயரின் லோட் இண்டெக்ஸ் (எடை தாங்கும் எண்) கம்பெனி எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. 85 என்றால் 515 கிலோ, 91 என்றால் 615 கிலோ, உங்களுக்குத் தாராளம். வேக எழுத்து டபிள்யூ என்றால் 270 கி.மீ., ஒய் என்றால் 300.

---

பீட்_மாஸ்டர்:

டயர் கடை வேலைக்கு நான் சொல்கிறேன் தம்பி.

பக்கச்சுவரில் டிஓடின்னு தொடங்குற வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்க, தயாரிச்ச தேதி அது. 1425 என்றால் 2025-ஆம் வருஷத்து 14-ஆவது வாரம். நாலு டயரும் ஒரே தேதியாக இருக்கணும்னு இல்லை, ஆனா ஒரே ஆக்சிலில் இரண்டு வருஷ வித்தியாசம் வேண்டாம்.

ஏற்றும் முன்னாடியே எந்தப் பக்கம் வெளியேன்னு பாருங்க. அவுட்சைடுன்னு எழுதியிருந்தா அது நாலு வீலிலும் வெளியே தெரியணும். அம்புக்குறி இருந்தா வலது இடது பிரிச்சு ஏத்தணும். ஏத்தி, பேலன்ஸ் பண்ணி, வண்டியில மாட்டுன அப்புறம் கண்டுபிடிச்சா எல்லாத்தையும் மறுபடி உரிக்கணும்.

காற்றழுத்த சென்சார் வால்வோடவே உள்ளே உட்கார்ந்திருக்கும். பழைய டயரைக் கழற்றும்போது பீட் (ரிம்மில் பதியுற டயர் விளிம்பு) உடைக்கிற தகடு வால்வுக்குப் பக்கத்தில் பட்டா சென்சார் நொறுங்கிடும். எதிர்ப்பக்கத்தில் இருந்து தொடங்கச் சொல்லுங்க. உங்களது புது வீல், அதனால ஏத்தும்போது கவனம் போதும். ரப்பர் சீலும் வால்வு கோரும் புதுசு போடுங்க. சென்சார் ஐடியை வண்டியில பதியணும், இல்லைன்னா டேஷ்போர்டில் விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும்.

பீட் உட்காரக் காத்தடிக்கும்போது 40 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. அதுக்குள்ள 'டப் டப்'புன்னு இரண்டு சத்தம் வரணும். வரலைன்னா காத்தை இறக்கி, பீட் பேஸ்ட் மறுபடி தடவி, திரும்ப ஏத்தணும். 60-க்கு ஏத்திப் பார்க்கிறது விபரீதம், பீட் கம்பி அறுந்தா டயர் ஆளைத் தூக்கி அடிக்கும். உட்கார்ந்த பிறகு ரிம் ஓரமா டயரில் ஒரு மெல்லிய கோடு சுத்தி ஓடும் பாருங்க. ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி முழுச் சுத்திலும் ஒரே அளவா இருக்கணும். ஒரு பக்கம் கோடு உள்ளே மறைஞ்சிருந்தா பீட் அங்கே ஏறலைன்னு அர்த்தம்.

டயரில் மஞ்சள் புள்ளி இருந்தா அதை வால்வுக்கு நேரா வைக்கச் சொல்லுங்க, டயரின் லேசான பக்கம் அது. ஈயம் குறைவா போகும். பளபளப்பான முகத்துல தட்டிவைக்கிற ஈயம் வேண்டாம், உள்ளே ஒட்டுற வகை கேளுங்க.

---

நாலுகால்_பாய்ச்சல்:

குறுக்கே ஒரு கேள்வி. என்னுடையது ஆல் வீல் டிரைவ். பின்னால் மட்டும் அகலமான டயர் போடலாமா?

---

ஈடி_நாற்பத்தைந்து:

கம்பெனியே முன்பின் வேறு அளவு கொடுத்திருந்தால் மட்டும். அப்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி வைத்த விட்ட விகிதத்தைக் காப்பாற்றணும். உருளும் சுற்றளவு ஒன்றுக்கொன்று மாறினால் முன்பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச் பேக்கோ நேர் சாலையிலும் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். சுபாரு நாலு டயருக்கும் நடுவில் கால் அங்குலச் சுற்றளவு வித்தியாசம்தான் அனுமதிக்கிறது. விட்டத்தில் சொன்னால் 2 மி.மீ., ட்ரெட் ஆழத்தில் வெறும் 1 மி.மீ. அதனால் ஒரு டயர் பஞ்சராகி வீணானால் பல சமயம் நாலையும் மாற்ற வேண்டிவரும்.

---

வளைவுப்பாதை:

கடைசியாக ஒன்று. மாட்டியபின் அதிர்வு வந்தால் எங்கே தேடுவது? காற்று எவ்வளவு வைப்பது?

---

டார்க்_குறடு:

80-லிருந்து 110-க்குள் ஸ்டியரிங் நடுங்கினால் முன் வீல் பேலன்ஸ், அல்லது நடு வளையம் சரியாக உட்காரவில்லை. அதே வேகத்தில் நடுக்கம் சீட்டில் தெரிந்தால் பின் வீல். 30, 40-லேயே வண்டி தள்ளாடினால் ரிம் வளைவு அல்லது ஏறாத பீட், மேலே சொன்ன கோட்டைப் பாருங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் என்றால் நட்டுகளை ஒரே அளவில் இறுக்காமல் டிஸ்க் கோணியிருக்கலாம், தளர்த்தி முறைப்படி மறுபடி. 'டொக் டொக்' என்று வேகத்தோடு கூடும் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், ஓரங்கட்டி நட்டைப் பாருங்கள்.

காற்று, கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவில் தொடங்குங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. 5, 6 டிகிரி வெப்பத்துக்கு 1 பிஎஸ்ஐ ஏறும். எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) டயர் எடுத்தால் அதே எடையைத் தாங்க ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட வேண்டியிருக்கலாம், ஆனால் நீங்கள் 215-இலிருந்து 245-க்குப் போவதால் அதுவும் தேவைப்படாது. புது டயரின் மேல் வார்ப்பு அச்சின் வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் வளைவில் அவசரம் வேண்டாம்.

ட்ராக்கில் ஒவ்வொரு முறை ஓட்டி வந்தபின்னும் நட்டைச் சோதிப்பது நல்லதுதான், ஆனால் வந்து நின்ற உடனே வேண்டாம். சூட்டில் ஸ்டட்டும் வீலும் விரிந்திருக்கும், அப்போது முறுக்கினால் ஆறியபின் இறுக்கம் 120-ஆக இருக்காது. ஹப்பில் கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும். அதுவரை ஹேண்ட் பிரேக்கும் போடாமல், கியரில் விட்டுக் கட்டை வையுங்கள்.